பாதையில் ஏறிய சைக்கிள்

மட்டக்களப்பில் ‘பாதை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று நடந்து போகிற வழி. மற்றது, வாவியைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை. “பாதை வந்திட்டா?” என்று துறையில் நின்று கேட்கிற ஊர் அது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் விடியலில் துறைக்கு வந்து அந்த மிதவைக்காகத்தான் காத்து நின்றார்கள். பால் கான் தொங்கும் சைக்கிள், விறகு கட்டிய சைக்கிள், மரக்கறிப் பை மாட்டிய சைக்கிள் எல்லாம் ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்க, பாதை மெல்ல நகரும். எதிர்க்கரையில் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் போகிறவர்கள் தங்கள் சைக்கிள்களோடு அதே பாதை திரும்பி வருவதைப் பார்த்தபடி நிற்பார்கள்.

வேலைக்குப் போகச் சைக்கிள் வாங்குகிறவர் எந்த ஊரிலும் முதலில் கேட்பது விலையைத்தான். வாவிக்கரையில் அதோடு வேறு கேள்விகளும் இருந்தன. சுமையோடு பாதையில் ஏற்ற முடியுமா? பாதிச் சில்லு புதையும் மணலில் உருட்ட முடியுமா? உப்புக் காற்றில் எத்தனை மாரி தாங்கும்? வட்டை வயலுக்கு நடுவில் ரியூப் வெடித்தால் அடுத்த ஊரில் ஒட்டித்தர ஆள் உண்டா? இவற்றுக்கு ஈடுகொடுக்காத சைக்கிள் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இரண்டு வருடத்தில் அதன் உண்மை விலையைக் காட்டிவிடும். அதனால் மட்டக்களப்பில் உழைப்பாளர்கள் சைக்கிள் தெரிந்தெடுத்த கதை, பெருமளவுக்கு அந்த நிலத்தின் கதைதான்.

வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்கு இணையாகக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்திட்டு எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நெருக்கமாகக் குடியிருக்கும் ஊர்கள் அங்கே. சூரியன் படும் மேற்குக் கரை படுவான்கரை. அங்கே நெல்வயலும் மேய்ச்சல் தரையும் குளங்களும் காடும். வீடு ஒரு கரையிலும் வேலை மறு கரையிலும் என்பது இங்கே பலரின் பிழைப்பு. எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரை வட்டையில் வயல் செய்பவர்கள் உண்டு. படுவான்கரையில் கறந்த பாலையும் வெட்டிய விறகையும் எழுவான்கரைக்கும் பட்டணத்துக்கும் கொண்டுபோய் விற்பவர்கள் உண்டு. தரை தட்டையானது. ஏற்றம் என்று சொல்ல அணைக்கட்டும் பாலத்தின் முதுகும்தான். சைக்கிளுக்கென்றே விரித்துப் போட்ட நிலம்போல இருக்கும் அதில் குறுக்கே நிற்பவை தண்ணீரும் மணலும் மட்டுமே.

நிலம் வைத்திருந்த போடியாருக்கு மாட்டுவண்டி இருந்தது, கரையோரத்தாருக்குத் தோணி இருந்தது. போடியாரின் வயலில் வேலை செய்த முல்லைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் கால்தான். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் சைக்கிள் வந்து நுழைந்தது.

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஸ்ராலி என்பவர் இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவான ‘றோவர்’ சைக்கிளைச் செய்தது 1885இல். காற்றடைத்த ரயரை டன்லொப் கொண்டுவந்தது 1888இல். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1876இல், இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டுவிட்டன. உலகத்தின் சைக்கிள் ரயருக்குப் பால் கொடுத்த தீவில், அந்த ரயர் பூட்டிய வண்டி நெடுங்காலம் அரச சம்பளக்காரரின் பொருளாகவே இருந்தது. கச்சேரி எழுதுவினைஞர், ஆசிரியர், தபால்காரர், விதானை என்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்களே புதுச் சைக்கிளைப் பற்றி யோசிக்க முடிந்தது.

அவர்களுடைய கந்தோர்கள் இருந்தது புளியந்தீவில். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டைக்குள்தான் பின்னாளில் கச்சேரியே நடந்தது. பெயர் சொல்வதுபோல அது தீவு, நாலு பக்கமும் தண்ணீர். 1924இல் கல்லடியில் இரும்புப் பாலம் எழுந்தபோதுதான் எழுவான்கரை ஊர்களிலிருந்து பட்டணப் பக்கம் சில்லை நிறுத்தாமல் வர முடிந்தது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் அதற்கு ‘லேடி மனிங் பாலம்’ என்று பெயர். முழுநிலா இரவில் பாடும் மீனின் ஓசையைக் கேட்க ஆட்கள் தோணியில் போவதும் அதன் கீழேதான். ஊருக்கு வெளியே அந்தப் பாலம் மீன்பாட்டுக்குப் பேர்போனது. காலையில் வேலைக்குப் போனவர்களுக்கு அது வேறு விதமாக நினைவிருக்கிறது. பாலம் ஒடுக்கம். ஒரு பக்கத்து வாகனம் போய் முடியும்வரை மறு பக்கத்து வாகனம் காத்திருக்கும். பஸ் வந்தால் சைக்கிள்காரர் ஓரத்து இரும்போடு ஒட்டி நின்று வழிவிட்டார். காத்தான்குடியிலிருந்து பட்டணத்துக்கு ஐந்தாறு கிலோமீற்றர்தான். சைக்கிள் உள்ளவர் பஸ் நேரம் பார்க்க வேண்டியதில்லை. 1928இல் ரயில் வந்தபோதும், நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சைக்கிளே பார்த்துக்கொண்டது.

அந்தக் காலத்துச் சைக்கிள் என்றால் றலி, ஹம்பர், றட்ஜ். எது திறம் என்று தேநீர்க்கடையில் மணிக்கணக்காக வாதம் நடக்கும். ஹம்பரின் முன்கவை பக்கத்துக்கு இரண்டு குழாயாக இருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஆனால் ஹம்பரை 1932இலும் றட்ஜை 1943இலும் றலி வாங்கிவிட்டது. அதன் பின் மூன்று பெயருக்கும் தாய்வீடு நொட்டிங்ஹாம்தான். வாதம் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தாலும் தங்கள் கட்சியை விட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வண்டிகளின் அமைப்பை இன்று பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. 28 அங்குலச் சில்லு, பின்னுக்கு வளைந்த ஹான்டில், சற்றே முன்னுக்குச் சாய்ந்து நீண்ட முன்கவை, செயினை முழுதாக மூடிய தகரப் பெட்டி. பெரிய சில்லு மண்ரோட்டுக் குழிகளில் விழாமல் தாண்டும். நீண்ட உடல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மணலும் உப்பும் செயினைத் தின்னாதபடி தகரப் பெட்டி காக்கும். குறையும் இருந்தது. கம்பி பிரேக்கின் கட்டை மழையில் நனைந்த இரும்பு றிம்மில் வழுக்கும். மலைநாட்டில் அது உயிராபத்து. மட்டக்களப்பின் தட்டைத் தரையில் காலை ஊன்றினால் வண்டி நிற்கும், அதனால் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வண்டியின் பாரம் 20 கிலோவை ஒட்டி வரும். பாதையில் ஏற்றும்போதுதான் அந்தப் பாரம் தெரியும்.

கூலிக்காரர் கையில் சைக்கிள் வந்தது புதிதாக அல்ல, கைமாறி. எழுதுவினைஞர் ஓட்டிய வண்டி கடைக்காரருக்குப் போகும், அவரிடமிருந்து மீன் வியாபாரிக்கு, பிறகு வட்டைக்கு. ஒவ்வொரு கையிலும் அதன் உருவம் மாறியது. முதலில் டைனமோ போகும், பிறகு செயின் பெட்டி, பிறகு மட்காட். கூடுவது ஒன்றே ஒன்று, கரியர். கொல்லன் அடித்துக் கொடுத்த தடித்த இரும்புக் கரியரும், அதைத் தாங்கப் பின் அச்சிலிருந்து எழும் இரண்டு கம்பிகளும் பூட்டியபின் அது வேறு வண்டி. சீற்றில் இருப்பவர் அந்த வண்டிக்குப் பாதிச் சுமைதான். மீதி பின்னால் இருந்தது.

உதிரிப்பாகத்தில்தான் சிக்கல். றலி தன் பெடல் அச்சுக்கு அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. மற்ற நிறுவனங்களும் பின்னால் வந்த இந்தியச் சைக்கிள்களும் 24 மரை. லூதியானாவின் ஹீரோ, சோனிப்பட்டின் அட்லஸ், சென்னை அம்பத்தூரில் செய்யப்பட்ட ஹெர்குலிஸ் என்று இந்திய வண்டிகள் பெருகியபின், அவற்றின் சாமான் எந்தத் திருத்தகத்திலும் தொங்கியது, விலையும் குறைவு. றலிக்காரருக்கோ அந்த ஒரு பாகம் தேய்ந்தால் பழைய றலி ஒன்றைத் தேடி அலைய வேண்டும். நல்ல இரும்பு, நெடுநாள் உழைக்கும் என்று பெயர் வாங்கிய வண்டி இரண்டு மரையில் தோற்றது. வாங்கும்போது மலிவு என்பதையும் வைத்திருக்கும்போது மலிவு என்பதையும் வாவிக்கரை பிரித்து அறிந்துகொண்டது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

தொழிலுக்கு ஓடும் சைக்கிள் வேறு, வீட்டுச் சைக்கிள் வேறு என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இலங்கையின் உள்ளூராட்சி வரி அட்டவணைகளில், வியாபாரத்துக்குப் பாவிக்கும் துவிச்சக்கரவண்டிக்கு வருடம் 18 ரூபாய், மற்றதற்கு 4 ரூபாய் என்று இருக்கும். அதே அட்டவணையில் மாட்டுவண்டிக்கு 20 ரூபாய், யானைக்கு 50 ரூபாய். வியாபாரச் சைக்கிளின் வரி மாட்டுவண்டியை எட்டிப்பிடிக்க இரண்டே ரூபாய்தான் குறைவு. அட்டவணையை எழுதியவர் கரியரில் மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்றைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. மீன்பெட்டி, பாண் பெட்டி, ஐஸ்பழப் பெட்டி என்று மூன்று பெட்டிகள் எழுவான்கரைத் தெருக்களில் வேறு வேறு நேரத்தில் வேறு வேறு ஓசையோடு வந்தன. மீன்காரர் கூவுவார், ஐஸ்பழக்காரர் மணி அடிப்பார்.

1950களில் வாழைச்சேனையில் அரச காகித ஆலை வந்தது. வயலுக்குப் போகிறவர் வெயில் ஏறுமுன் போனால் சரி, ஆலைக்குப் போகிறவர் மணிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்குச் சைக்கிள் வசதியாக மட்டும் இருக்கவில்லை, வேலையைக் காப்பாற்றுகிற பொருளாகவும் ஆனது. 1970களின் நடுப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது ரயருக்குள் பழைய ரயர்த் துண்டு வைத்து ஓட்டினார்கள். 1977க்குப் பின் சந்தை திறந்தது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னைகள் குறுக்கே விழுந்த தெருவில் தோளில் தூக்கித் தாண்டக்கூடிய வண்டி ஒன்றுதான் உண்டு.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டபின் வாவியே எல்லையானது. பட்டணமும் எழுவான்கரையும் இராணுவத்தின் கையில், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில். 2007வரை ஏறக்குறைய இதுவே நிலை. பட்டணத்துக்கு மேற்கே வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அந்த வழியால் வந்து போனவர்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, எங்கே இறங்கி உருட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காவலரணுக்கு எத்தனையோ அடிக்கு முன்பே இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கரியரில் கட்டியதை அவிழ்த்துக் காட்டி மறுபடி கட்ட வேண்டும். பல ஊர்களில் சைக்கிளில் குண்டு வைத்த சம்பவங்கள் நடந்திருந்ததால், சாய்த்து வைத்த ஒரு வெறும் சைக்கிளும் சந்தேகப் பொருளானது. பிழைப்புக்கு வழியான அதே வண்டி உயிருக்கும் ஆபத்தாகலாம் என்ற அச்சத்தோடுதான் அந்த மக்கள் ஒவ்வொரு காலையும் பெடலை மிதித்தார்கள்.

எரிபொருளுக்குக் கட்டுப்பாடு. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவரும் அதை மூடிவைத்துவிட்டு மிதித்தார். ஆயித்தியமலை, கரடியனாறுப் பக்கத்துக் காட்டில் வெட்டிய விறகு பட்டணத்து அடுப்புக்கு வந்தது சைக்கிளில். விறகுச் சைக்கிளை ஓட்டுவது தனி வித்தை. சுமை சீற்றுக்கு மேலே எழும்பி நிற்கும். ஏறி உட்கார்ந்து மிதிக்கும் நேரத்தைவிடத் தள்ளி நடக்கும் நேரம் அதிகம். ஒரு கை ஹான்டிலில், ஒரு கை விறகில். பள்ளம் வந்தால் வண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சாயும், சாய்ந்தால் தனியாளாக நிமிர்த்த முடியாது. இப்படி ஓடும் வண்டிக்கு அழகும் வேகமும் வேண்டியதில்லை. பிறேமின் பொருத்துகள் வெடிக்கக் கூடாது, பின் சில்லின் கம்பிகள் அறக் கூடாது. கம்பி அறாமல் இருக்கப் பின் சில்லுக்குத் தடித்த கம்பி கோர்க்கச் சொல்வது அந்தக் காலத்துத் திருத்தகங்களில் வழக்கமான வேண்டுகோள். பின்சில்லுக்கு மட்டும் செலவழித்தவர் முழு வண்டியையும் காப்பாற்றினார்.

போர் பல வீடுகளில் பெண்களைத் தனி உழைப்பாளிகளாக்கியது. முன்பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரிசி ஆலைக்கும் சந்தைக்கும் அவர்கள் சைக்கிளில் போனார்கள். குறுக்குக் குழாய் இல்லாத ‘லேடீஸ் சைக்கிள்’ சேலையோடும் பாவாடையோடும் ஏற வசதி. ஆனால் அந்தக் குழாய்தான் பிறேமின் முதுகெலும்பு. அது இல்லாத வண்டி பெருஞ்சுமைக்கு நெளியும். சுமை ஏற்ற வேண்டிய பெண் வசதியை விட்டு ஆண் சைக்கிளுக்கு மாறுவதா, வசதியைப் பிடித்துச் சுமையைக் குறைப்பதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. எந்தக் கடைக்காரரும் எடுத்துச் சொல்லாத கணக்கு அது. முன்னால் கூடை, பின்னால் பிள்ளை என்று பாரத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்களே அதிகம்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாவலடியும் கல்லடிக் கரையும் திருச்செந்தூரும் சிதைந்தன. உயிர் தப்பியவர் தன் சைக்கிளைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தாலும், உப்புத்தண்ணீர் புகுந்த அச்சுக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகளான போல்ஸ் சில நாட்களிலேயே கறள் பிடித்து இறுகிவிடும். வீடு தூர இடத்துக்கு மாறியது, வேலையோ கடற்கரையிலேயே இருந்தது. அமெரிக்காவில் சைக்கிள் பாகம் செய்யும் தொழிலில் இருந்தவர்கள் அந்த அழிவைக் கண்டு 2005இல் ஓர் உதவி அமைப்பைத் தொடங்கி, உலக தரிசனம் நிறுவனத்தோடு சேர்ந்து இலங்கை முழுவதும் 24,000க்கு மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார்கள். ‘வேர்ல்ட் பைசிக்கிள் றிலீஃப்’ என்ற அந்த அமைப்பு பின்னர் ஆபிரிக்க நாடுகளுக்குப் போனது.

சமாதானம் வந்தபின் பாலங்கள் வந்தன. 2013 மார்ச்சில் கல்லடியில் புதுப் பாலம் திறந்தது, பழையது பக்கத்திலேயே நிற்கிறது. அடுத்த வருடம் மண்முனை. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் கிடைத்தது, பாண் பெட்டி முச்சக்கரவண்டிக்கு ஏறியது. சைக்கிள் வாங்கியவர்களும் கியர் வைத்த, முன்னால் சுருள் வைத்த, பளபளப்பான வண்டியை விரும்பினார்கள். ஏற்றமே இல்லாத ஊரில் கியருக்குக் காசு கொடுப்பது வீண். மணலும் உப்பும் முதலில் கெடுப்பதும் அந்தக் கியரின் சிறு பற்களைத்தான். அளவிலும் ஒரு பொறி உண்டு. ‘26 அங்குலம்’ என்று எழுதிய ரயர் எல்லாம் ஒன்றல்ல. பழைய ஆங்கிலேய 26இன் றிம் விட்டம் 590 மில்லிமீற்றர், மலைச் சைக்கிளின் 26இனுடையது 559. எழுத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் மறுபடி கடைக்கு நடந்தார். பாணந்துறையில் செய்யப்படும் லுமாலா போன்ற உள்ளூர் வண்டிகள் இந்தக் காலத்தில் நிலைத்ததற்கு, சாமான் எந்தச் சந்தியிலும் கிடைத்ததும் ஒரு காரணம்.

பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி. வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் ஜூன் இறுதியில் 470. அதுவும் இல்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று ஜூலை 10வரை நிறுத்தியே விட்டார்கள். கொட்டிலுக்குள் கோழி ஏறி இருந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. புது வண்டியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. திருத்தகங்களில் வரிசை நின்றது. இருபது வருடமாகச் சைக்கிள் தொடாத உத்தியோகத்தர்கள், அப்பா விட்டுப்போன வண்டியின் செயினில் எண்ணெய் விட்டுக் கந்தோருக்குப் போனார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்த பழைய ஆட்களின் சொல்லுக்கு அப்போது மறுபடி மதிப்பு வந்தது.

அவர்கள் பழைய சைக்கிள் பார்க்கும் முறை இன்றும் மாறவில்லை. வண்ணத்தைப் பார்க்க மாட்டார்கள், பூசிய வண்ணம் கறளை மறைக்கும். வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சு இருக்கும் குழாயின் அடியை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். மாரி வெள்ளத்தில் கிட்டங்கித் தாம்போதி போன்ற இடங்களைக் கடந்த வண்டியில் தண்ணீர் தேங்குவது அங்கேதான். சீற்றுக் கம்பியை உருவி உள்ளே விரல் விடுவார்கள். முன் சில்லைச் சுழற்றிவிட்டு முன்கவையில் காதை வைப்பார்கள். உள்ளே போல்ஸ் உடைந்திருந்தால் அரைபடும் சத்தம் கேட்கும். இரண்டு பெடலையும் நேரெதிரே நிறுத்தி அழுத்தி ஆட்டம் உண்டா என்று பார்ப்பார்கள். ரயர் தேய்ந்திருந்தால் கவலைப்பட மாட்டார்கள், அது மாற்றக்கூடியது, விலை பேசும்போது உதவும். முன்கவை வளைந்திருந்தால் மறுபேச்சு இல்லை.

கடைசியில் 50 கிலோ உரப்பை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். தார்ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதில்லை. வேலியோரத்து மணலுக்குள் இறக்கி, ஒரு காலைப் பெடலில் வைத்து உந்தி, ஏறி, தென்னை மரம்வரை போய்த் திரும்பி வருவார்கள். இறங்கி நின்று மூச்சு வாங்கியபின்தான் விலை பேசத் தொடங்குவார்கள்.